கூதல் காலத்தில் ஓர்கிட் இலை கெட்டால்: மருந்துக்கு முன் இலையைப் பாருங்கள்



மார்கழி பிறந்து மாசி முடியும் வரை எங்கள் மலைகளில் கூதல் காலம். இந்த மூன்று மாதத்தில் நாங்கள் லயங்களுக்குப் போகும்போதெல்லாம் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஓர்கிட் எல கருத்துப் போச்சு. என்ன மருந்து அடிக்கிறது?"

எங்கள் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். மருந்து வேண்டாம், முதலில் இலையைப் பார்ப்போம். கூதல் காலத்தில் ஓர்கிட் இலையில் வரும் கோளாறுகளில் பல, நோயே அல்ல. குளிரும் தண்ணீரும் சேர்ந்து செய்த காயம். காயத்துக்கு நோய் மருந்தை அடித்தால் காயம் ஆறாது. காசு போகும், சில வேளை செடியும் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் வீட்டுக்குள் வந்து குந்திக்கொள்ளும். அதைப் பிறகு சொல்கிறோம்.

ஓர்கிட் வளர்ப்பதை விளையாட்டு வேலை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். பூவோடு நிற்கும் ஒரு நல்ல சாடி, ஒரு நாள் பேரை விடக் கூடிய விலைக்குப் போகும். கலியாண வீட்டுக்கும் கோவிலுக்கும் பூ கேட்டு வருகிறார்கள். இஸ்தோப்பில் பத்துச் சாடி வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, அது பிள்ளையின் கொப்பி, சப்பாத்துச் செலவு. அதனால்தான் இலை கருத்தவுடன் மனம் பதறுகிறது. பதறும் கை மருந்துப் போத்தலைத்தான் முதலில் தேடும்.

எந்த ஓர்கிட் எங்கள் குளிரைத் தாங்கும்?

பல பேர் இதைக் கேட்காமலே சாடி வாங்கி விடுகிறார்கள். ஓர்கிட் என்பது ஒரு செடி அல்ல. உலகத்தில் ஆயிரக்கணக்கான வகை உண்டு. எங்கள் இலங்கைக் காடுகளிலேயே ஏறக்குறைய 190 வகை இருக்கின்றன. வெசாக் மாதத்தை ஒட்டிப் பூப்பதால் 'வெசாக் ஓர்கிட்' என்று சொல்லும் செடி, கீழ்நாட்டு ஈரக் காட்டுக்கு உரியது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காட்டில் வளரும் சின்னச் சின்ன ஓர்கிட்கள் வேறு. (காட்டிலிருந்து ஓர்கிட் பிடுங்கிக்கொண்டு வருவது சட்டப்படி குற்றமாகலாம். விறகுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.)

கடையில் வாங்கும் வகைகளில், வண்ணத்துப்பூச்சி போல அகலமாகப் பூக்கும் பெலனொப்சிஸ், வேர் தொங்கும் வன்டா, ஆண்டு முழுக்கப் பூக்கும் டென்ட்ரோபியம் ஆகிய மூன்றும் வெப்பத்தை விரும்பும் செடிகள். இரவில் 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இவை கஷ்டப்படத் தொடங்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசி இரவுகளில் அங்கே 10 பாகைக்கும் கீழே இறங்குவது சாதாரணம். சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழும். அந்த ஊரில் வன்டாவைத் திறந்த இஸ்தோப்பில் தொங்க விட்டால், அது இலையை உதிர்க்காமல் வேறு என்ன செய்யும்?

புல்லைப் போல நீண்ட இலையுடைய சிம்பிடியம், குளிருக்கு ஏற்ற செடி. இரவு குளிராக இருந்தால்தான் அது நன்றாகப் பூத்தண்டு விடும். மேல்மலைத் தோட்டங்களில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிம்பிடியத்தில் தொடங்குவதே புத்தி என்பது எங்கள் அபிப்பிராயம். பூ அழகில் பெலனொப்சிஸுக்கு ஈடில்லை என்று சொல்லுவீர்கள். உண்மைதான். ஆனால் அதைக் காப்பாற்ற மேல்மலையில் படும் பாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

இன்னொரு விசயம். டென்ட்ரோபியத்திலேயே நோபிலே என்று ஒரு இனம் உண்டு. தண்டு கரும்புபோலக் கணுக்கணுவாக இருக்கும். கூதல் காலத்தில் அது பழைய தண்டில் உள்ள இலையை மஞ்சளாக்கி உதிர்த்து விடும். அது வருத்தமல்ல, அதன் வழக்கம். இலை போன கணுவில்தான் பிறகு பூ வரும். செடி செத்துவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

பேனையால் ஒரு கோடு

இலையில் புள்ளியோ கறுப்போ கண்டால், கையில் மருந்து எடுக்க முன்னம் ஒரு பேனை எடுங்கள். கறுப்பின் ஓரத்தைச் சுற்றி, இலையின் மேலேயே மெதுவாகக் கோடு போடுங்கள். அழுத்திக் கீற வேண்டாம். கலண்டரில் அன்றைய திகதியைக் குறித்து வையுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். கறுப்பு கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா, கோட்டைத் தாண்டி விட்டதா?

இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு சதமும் செலவில்லாத பரிசோதனை இது. கோட்டுக்குள் நிற்பது பெரும்பாலும் பழைய காயம்: குளிர், வெயில், தண்ணீர் செய்தது. கோட்டைத் தாண்டி ஓடுவது உயிருள்ள ஒன்று, அதாவது பங்கசு அல்லது பற்றீரியா. ஒரே நாளில் தாண்டினால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

காத்திருக்கும் போது வேறு சில விசயங்களையும் பார்க்கலாம். கறுப்பு காய்ந்து கடதாசி போல இருக்கிறதா, ஈரமாக நொளநொளவென்று இருக்கிறதா? மோந்து பாருங்கள், அழுகிய மரக்கறி மணம் வருகிறதா? அடி இலையா, குருத்தா? இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். கொழுந்து எடுக்கும் தங்கச்சிமாருக்கு இதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. தேயிலை இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துப் பழகிய கை அது.

மேல்மலைத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தாய் எட்டுச் சாடியை வரிசையாக இஸ்தோப்பு ஓரத்தில் வைத்திருந்தார். எட்டிலும் இலையில் குழிந்த பழுப்புப் புள்ளி. "நோய் ஒன்னுலருந்து ஒன்னுக்குத் தொத்திப் போச்சுங்கையா" என்றார். நாங்கள் கோடு போட்டோம். ஒரு கிழமை போயும் ஒன்றும் தாண்டவில்லை. பிறகு பார்த்தால், எல்லாச் செடியிலும் புள்ளி வெளிப்பக்கத்து இலையில் மட்டும்தான். அண்ணாந்து பார்த்தோம். மேலே தகரக் கூரையின் ஓரம். இரவெல்லாம் தகரத்தில் பனி படிந்து, விடியற்காலையில் ஐஸ் மாதிரிச் சொட்டுகிறது, நேரே அந்த இலைகளில். சாடிகளை ஒன்றரை அடி உள்ளே தள்ளி வைத்தார். அடுத்த இலைகள் சுத்தமாக வந்தன. செலவு ஒன்றுமில்லை.

குளிர் செய்யும் காயங்கள்

அந்தத் தாயின் செடியில் கண்டது குளிர்ந்த தண்ணீர்க் காயம். இலைக்குள் இருக்கும் மெல்லிய கலங்கள் குளிர் தாங்காமல் உடைந்து விடும். முதலில் வெளிறிய குழி, பிறகு பழுப்பு, கறுப்பு. பெலனொப்சிஸில் இது அதிகம். ஆளை ஏமாற்றும் விசயம் என்னவென்றால், காயம் பட்ட அன்றைக்கே தெரியாது. சில கிழமை கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் மாசியில் புள்ளியைக் கண்டு மாசியில் நடந்ததைத் தேடக்கூடாது. தையில் குளிர் கடுமையாக இருந்த இரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பீலித் தண்ணீரை நேரே இலையில் ஊற்றினாலும் இதே கதைதான். விடியற்காலைப் பீலியில் கை வைத்தால் எங்களுக்கே விறைக்கிறது, இலைக்கு எப்படி இருக்கும்?

உறைபனிக் காயம் வேறு மாதிரி. வானம் தெளிந்து, காற்றில்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுதான் ஆபத்தான இரவு. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரிச் சூட்டைப் பிடித்து வைக்கும். மேகம் இல்லாவிட்டால் மண்ணின் சூடு மேலே போய்விடும். குளிர் காற்றுப் பாரமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு ஓடும். பனி விழுந்த காலையில் ஆற்றோரத்து மலையில் தேயிலை கருகி, மேட்டு மலையில் பச்சையாக நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஓர்கிட்டுக்கும் அதே கணக்கு. பள்ளத்து லயத்தில் இருப்பவர்கள் மேட்டு லயத்தைப் பார்த்து "அவங்க செடி நல்லாத்தானே இருக்கு" என்று இருந்துவிடக் கூடாது.

உறைபனி பட்ட இலை முதலில் கண்ணாடி போல ஈரமாகத் தெரியும். வெயில் ஏறியதும் வெந்த கீரை மாதிரித் தொங்கிப் பிறகு கறுக்கும். அப்படிக் கண்டால் உடனே வெயிலில் கொண்டுபோய்க் காய வைக்காதீர்கள். நிழலில் வைத்து, மெதுவாகக் குளிர் விடட்டும். கத்தியையும் உடனே எடுக்க வேண்டாம். எது செத்தது, எது பிழைத்தது என்று தெரிய ஒரு கிழமையாவது வேண்டும். ஆனால் தொங்கிய இலை நொளநொளத்து மணக்கத் தொடங்கினால் அழுகல் புகுந்துவிட்டது. அப்போது வெட்டத்தான் வேண்டும்.

தடுப்பது லேசு. சாடியை நிலத்திலிருந்து பலகைக்கு ஏற்றுங்கள். சிமெந்துத் தரை இரவில் ஐஸ் கட்டிதான். கூரைக்குக் கீழே, சொட்டுப் படாத இடத்தில் வையுங்கள். கடுங்குளிர் இரவில் பழைய பேப்பரால் மூடி, காலையில் எடுத்து விடுங்கள். பொலித்தீன் போடுவதானால் அது இலையில் முட்டக் கூடாது. முட்டிய இடத்தில் குளிர் நேரே இறங்கும்.

வெயில் சூட்டையும் இங்கேயே சொல்லி விடுவோம். கூதல் காலத்தில் வெயில் சுடுமா என்று கேட்பார்கள். சுடும். மார்கழி மூடுபனியில் பல நாள் வெயில் காணாத இலை, தையில் திடீரென்று தெளிந்த வானத்து வெயிலில் நின்றால், மேல் வளைவில் வெள்ளையாக, பிறகு வைக்கோல் நிறமாகக் காயும். வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும். அதுதான் அடையாளம். அந்தத் தழும்பு மாறாது, பரவவும் பரவாது. நிழலுக்கு மாற்றி விட்டு அப்படியே விடுங்கள்.

ஓடும் கறுப்பு

இனிக் கோட்டைத் தாண்டும் வகை. இதிலே அவசரமானது பற்றீரியா அழுகல். தண்ணீர் ஊறிய மாதிரி ஒரு புள்ளி வரும். இரண்டு மூன்று நாளில் இலை முழுதும் ஓடி, தொட்டால் உடைந்து தண்ணீர் வடியும். சில வகையில் கெட்ட மணம் வரும். குருத்துக்குள் போய்விட்டால் பெலனொப்சிஸைக் காப்பாற்றுவது கஷ்டம்.

செய்ய வேண்டியது வெட்டுவதுதான். கறுப்புக்குக் கீழே நல்ல இலையிலும் ஒரு அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். நல்ல இலை வீணாகிறதே என்று கறுப்பின் ஓரத்திலேயே வெட்டினால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிய அழுகல் மறுபடி கிளம்பும். புது பிளேட் அல்லது நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தி வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நெருப்பில் காட்டுங்கள். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்போது கட்டாயம் காட்டுங்கள். ஓர்கிட்டில் வைரஸ் நோயும் உண்டு. இலையில் கோடு கோடாக, வளையம் வளையமாக வெளிறும், கறுக்கும். அதற்கு மருந்தே கிடையாது. அது பெரும்பாலும் கத்தியால்தான் ஒரு செடியிலிருந்து மற்றதுக்குப் போகிறது. நெருப்புக்கு அஞ்சாத வைரஸ் இல்லை.

வெட்டிய வாயில் கறுவாத் தூளைத் தூவுங்கள். எங்கள் நாட்டுக் கறுவா, வீட்டிலேயே இருக்கும். அது வெட்டை உலர வைத்துப் பங்கசு தொற்றாமல் தடுக்க உதவும். ஆனால் வேரில் படக்கூடாது, வேரையும் உலர்த்திவிடும். வெட்டிய செடியை ஒரு கிழமை காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். இலையில் தண்ணீர் படவே கூடாது. வெட்டிய துண்டுகளைச் சாடிகளுக்குப் பக்கத்தில் போடாமல் எரித்து விடுங்கள்.

கறுப்பு அடியிலிருந்து மேலே ஏறினால், இலை பச்சையாக இருக்கும்போதே லேசாகத் தொட்டதும் கழன்று விழுந்தால், அது ஒரு வகைக் கறுப்பழுகல். மார்கழி மழையில் சாடி ஊறிக் கிடந்த வீட்டில்தான் இதைக் காண்போம். இலை நுனியிலிருந்து வளையம் வளையமாகப் பழுப்பு இறங்கினால் அது மெதுவான பங்கசு. அதுவும் குளிர்க் காயத்தின் வாசல் வழியாகத்தான் வரும். வெட்டி உலர வைத்தாலே பெரும்பாலும் நிற்கும். நுனி மட்டும் கருகிக் காய்ந்து, வளையம் இல்லாமல் இருந்தால் பசளையைச் சந்தேகியுங்கள். தேயிலைக்குப் போடும் பசளையில் ஒரு பிடி அள்ளி ஓர்கிட் சாடியில் போட்டிருப்பார்கள். அந்தச் செடிக்கு அது உப்பு மூட்டை.

இலை சுருங்கினால்

இது கொஞ்சம் கவனிக்க வேண்டிய விசயம். இலை தளர்ந்து சுருக்கம் விழுந்தால், தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு கோப்பை ஊற்றுகிறோம். கூதல் காலத்தில் இது பல வேளை செடியைக் கொன்றுவிடும். செடியைச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ பச்சையாகவோ, அழுத்தினால் கெட்டியாகவும் இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, உள்ளே வெறுமையாக இருக்கும். விரலால் இழுத்தால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். வேர் செத்ததால் தண்ணீர் குடிக்க முடியாமல்தான் இலை வாடுகிறது. மேலும் ஊற்றினால் மிச்ச வேரும் போகும். கெட்டதை வெட்டி எறிந்து, புதுக் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு மாற்றி நடுங்கள்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு என்பதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டாம். விரலைச் சாடிக்குள் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றிய செடிக்கு, கூதலில் கிழமைக்கு ஒருமுறை போதும். முதல் நாள் இரவே ஒரு வாளித் தண்ணீரைக் குசினிக்குள் எடுத்து வைத்தால் விறைப்பு விட்டிருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு வேரில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் வேலை முடிந்து வந்து ஊற்றுவதுதான் எங்களுக்கு வசதி, தெரியும். ஆனால் மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவெல்லாம் இலை இடுக்கில் நிற்கும். வேலை நாளில் முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊற்றினால் போதும். குருத்துக்குள் தண்ணீர் நின்றால் துணித்துண்டால் ஒற்றி எடுங்கள்.

குளிருக்குப் பயந்து சாடியை அடுப்பங்கரைக்குள் கொண்டுபோய் வைக்கிறவர்களும் உண்டு. விறகுப் புகையில் செடிக்கு ஆகாத ஒரு வாயு இருக்கிறது. வாழைப்பழம் பழுக்கும்போது வருவதும் அதே வாயுதான். அது பட்டால் மொட்டு மஞ்சளாகிக் கொட்டிவிடும். முன் காம்பராவில், அடுப்புக்கும் வாழைக்குலைக்கும் தூரமாக வைப்பதே நல்லது.

தேயிலை மருந்து ஓர்கிட்டுக்கு வேண்டாம்

1946ஆம் ஆண்டு எங்கள் நாட்டுத் தேயிலையில் கொப்புள நோய் வந்தது. அதற்கு இன்றும் தோட்டங்களில் செம்பு கலந்த பங்கசு மருந்து அடிக்கிறார்கள். 'தேயிலை இலைக் கொப்புளத்துக்கு நல்லதென்றால் ஓர்கிட் புள்ளிக்கும் நல்லதுதானே' என்று நினைப்பது இயல்பு. ஆனால் டென்ட்ரோபியத்துக்குச் செம்பு ஒத்துக்கொள்ளாது. பூவிலும் மொட்டிலும் படக்கூடாது. குளிரான, ஈரம் சீக்கிரம் உலராத நாளில் அடித்தால் செம்பு கூடக் கரைந்து இலைக்குள் இறங்கி, இலையைச் சுட்டுவிடும். அதாவது எந்தக் காலத்தில் அதைத் தேடி ஓடுகிறோமோ, அந்தக் காலத்தில்தான் அது கூடக் கெடுதி செய்கிறது. ஒரு தம்பி மருந்தடிப்பு முடிந்து மிஞ்சியதைக் கொண்டுவந்து அம்மாவின் டென்ட்ரோபியத்துக்கு அடித்தார். குளிர்க் காயம் இரண்டு இலையில்தான் இருந்தது. பத்து நாளில் பதினொரு இலை உதிர்ந்தது.

செடி போனால் இன்னொரு செடி வாங்கலாம். நாங்கள் பயப்படுவது போத்தலுக்குத்தான். மிஞ்சிய மருந்து சோடாப் போத்தலில் வருகிறது. அடுப்பங்கரை மூலையில், கட்டிலுக்குக் கீழே, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. லயக் காம்பரா எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் கைக்கு எட்டாத இடம் என்று அதில் ஒன்றுமில்லை. பிள்ளை தாகத்துக்குக் குடித்துவிடும். வீட்டில் ஒரு சண்டை, ஒரு கோபம், ஒரு கண்ணீர் வந்த இரவில் பெரியவர்களும் அதைப் பார்ப்பார்கள். பரகுவாட் முதலான கொடிய மருந்துகள் சில 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பிறகு, நாட்டில் நஞ்சு குடித்துச் சாகிறவர்கள் குறைந்தார்கள். கைக்கு எட்டும் இடத்தில் இல்லாவிட்டால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே தோட்டத்து மருந்து தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்கட்டும். ஏற்கனவே வீட்டில் போத்தல் ஏதும் இருந்தால், பீலியிலோ கானிலோ ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்கி எங்களிடமோ மருந்து ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமோ கொடுங்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டு ஒருவரையும் சங்கடப்படுத்த மாட்டோம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கப் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.

பூச்சிக்கும் மருந்து வேண்டாம். இலையின் அடியில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருப்பதும், பழுப்பு ஓடு போல ஒட்டியிருப்பதும் பூச்சிதான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். (அடுப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்.) மாசி வறட்சியில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல மங்கினால் சிவப்புச் சிலந்திப் பூச்சி. தேயிலையில் வருவதன் உறவுக்காரன்தான். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து, காலையில், இலையின் இரு பக்கமும் துடையுங்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறையாக மூன்று தரம் செய்தால் போதும்.

வெட்டியும் உலர வைத்தும் கறுப்பு நிற்காமல் ஓடினால், அப்போது மருந்தைப் பற்றி யோசிக்கலாம். கெட்ட இலையைப் பேப்பரில் சுற்றி (பொலித்தீனில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்), விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். செடியின் பெயர், எப்போது கண்டீர்கள், கோட்டை எத்தனை நாளில் தாண்டியது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போனால் அவருக்கும் லேசு. ஹக்கலைப் பூங்காவுக்கோ பேராதனைப் பூங்காவுக்கோ சுற்றுலா போகும்போது ஓர்கிட் வளர்க்கும் இடத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். அங்கே சாடியை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹக்கலை 1861இல் சின்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய தோட்டம், எங்கள் மேல்மலைக் குளிருக்குள்ளேயே இருப்பது. அங்கே எந்தச் செடி வெளியில் நிற்கிறது, எது கண்ணாடிக்குள் இருக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம்.

மாசி முடிந்து இரவுகள் இளகியதும், புது வேரின் நுனி பச்சையாக வெளியே வரும். அதைக் கண்ட பிறகு பசளையைத் தொடங்குங்கள், போத்தலில் எழுதியிருக்கும் அளவில் பாதி. தழும்பு விழுந்த பழைய இலை பச்சையாக இருக்கும் வரை அதை வெட்ட வேண்டாம். பார்க்க அழகில்லாவிட்டாலும் அடுத்த பூவுக்குச் சோறு சமைப்பது அந்த இலைதான்.